கிள்ளான் தரும் பாடம்: ஆவணக் காப்பகமும் தமிழர் வரலாறும்

மலாயாத் தமிழரின் வரலாற்றைப் பேசாத தமிழ் மேடை இந்நாட்டில் இல்லை எனலாம். கோயில் குடமுழுக்கு மலரைப் புரட்டினாலும், பள்ளியின் பொன்விழா மலரைப் புரட்டினாலும், முதற் கட்டுரை முன்னோர் காடழித்துத் தோட்டமாக்கிய கதையாகவே இருக்கும். கதை மெய்யே. ஆயினும், அம்முன்னோர் யாவர், எந்த ஊரினர், எந்த ஆண்டில் வந்தனர், என்ன கூலி பெற்றனர், எதற்காக வழக்காடினர் என்று ஒரு மாணவன் வினவினால் மலர் விடை கூறாது. ஒரு மலரில் கண்டதை அடுத்த மலர் எடுத்தெழுதும். அதனை மூன்றாவது மலர் சான்றாகக் காட்டும். இவ்வாறு எழுத்துப் பெருகியதேயன்றி வரலாறு பெருகவில்லை.

மறுபுறம், இந்நாட்டு இந்தியரைப் பற்றிய தரமான ஆய்வு நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தோட்டத் தொழிலாளர் பற்றிய குடியேற்ற அரசின் கொள்கையை ஆராய்ந்த நார்மன் பார்மரின் நூல் 1960இல் வெளிவந்தது. கெர்னியல் சிங் சந்துவின் நூல் 1969இலும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இலும், மைக்கேல் ஸ்டென்சனின் நூல் 1980இலும் வந்தன. இவற்றின் அடித்தளம் பெரும்பாலும் அரசாங்க ஆவணங்களே. மலர்களில் உணர்ச்சி உண்டு, சான்று இல்லை. இந்நூல்களில் சான்று உண்டு, ஆனால் அச்சான்று ஆள்வோரின் மேசையில் எழுதப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வழி ஆவணக் காப்பகத்தின் வாயிலாகவே செல்கிறது. அவ்வழியில் தமிழறிந்தவர் எவ்வாறு செல்ல வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

காப்பகத்தின் இயல்பு

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957 டிசம்பர் முதல் நாளில், நாடு விடுதலை பெற்ற மூன்று மாதங்களுக்குப் பின், பொது ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. 1963இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1966இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நிற்கிறது. 1982 முதல் கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா என வழங்கிய சாலையில் அது இருந்து வருகிறது. அச்சாலைக்கு 2014இல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் எனப் பெயர் மாற்றினர்.

தமிழர் வரலாற்றை நாடிச் செல்பவருக்கு அங்குள்ளவற்றுள் முதன்மையானவை சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள். பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆட்சி வேரூன்றிய 1875ஆம் ஆண்டு முதலே அவை தொடங்குகின்றன. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தலைநகர் மாறிய 1880ஆம் ஆண்டும், இருப்புப்பாதை வந்த 1886ஆம் ஆண்டும், போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்த 1901ஆம் ஆண்டும் அக்கோப்புகளின் காலத்துள் அடங்கும். ரப்பர் தோட்டங்கள் பெருகியதும், தமிழகத்திலிருந்து சஞ்சிக்கூலிகளாகவும் பின்னர்க் கங்காணிகளின் வழியாகவும் ஆட்கள் வந்ததும் அக்காலத்திலேயே.

ஆய்வுக்கூடத்தில் பெயரைப் பதிந்து, பட்டியலில் கோப்பின் எண்ணைக் கண்டுபிடித்து, சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருத்தல் எளிய வேலைதான். பட்டியலின் ஒரு பகுதியை இன்று வீட்டிலிருந்தபடியே இணையத்தில் தேடவும் முடிகிறது. கடினமான வேலை அதற்கு முன்னரே தொடங்குகிறது. பட்டியலிட்டவர் தமிழர் அல்லர். தமிழர் எப்படித் தேடுவர் என்று எண்ணியும் பட்டியலிடவில்லை. தமிழர் அங்கே தமிழராகவும் கிளிங்கராகவும் மதராசிகளாகவும் வெறுங் கூலிகளாகவும் நிற்கின்றனர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை 1873இல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலோடு நிற்பதில்லை. தோட்டங்களோ கம்பெனி வைத்த பெயரில் உள்ளன. தொழிலாளர் வாயில் அத்தோட்டம் வேறு பெயரால் வழங்கியிருக்கும். எனவே பட்டியலில் இல்லை என்ற உடனே காப்பகத்தில் இல்லை என்று முடிவு செய்தல் தவறு. எட்டு வகையாகத் தேடிய பின்னரே இல்லையென்று சொல்லலாம்.

பெயரும் எண்ணும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கும் கிள்ளானுக்கும் இடையே ஏறக்குறைய 20 மைல் தொலைவு. இரண்டிலும் தமிழர் பலர் வாழ்ந்தனர். ஆனால் ஆவணக் காப்பகத்தில் இவ்விரு தமிழருக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தவருள் பலர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்த யாழ்ப்பாணத் தமிழர். அரசாங்கப் பணியாளர் என்பதால் அவர் கோப்பில் பெயரோடு நிற்கிறார். எந்த நாளில் வேலையில் சேர்ந்தார், எப்போது விடுமுறை கேட்டார், எந்த ஊருக்கு மாற்றப்பட்டார், ஓய்வூதியம் எவ்வளவு என்பன அங்கே உள. அவரே ஆங்கிலத்தில் மனு எழுதினார். மேலதிகாரி மறுத்தால் மீண்டும் எழுதினார். அவருடைய பேரன் இன்று காப்பகத்திற்குச் சென்றால் பாட்டனாரின் கையொப்பத்தைக் காணவும் கூடும்.

கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. அவர் கம்பெனியின் ஆள். அரசாங்கத்தின் ஆள் அல்லர். அவருடைய பெயர் தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. அப்புத்தகம் கம்பெனியின் உடைமை; தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் அதனைக் காக்க வேண்டும் என்று எண்ணியவர் அரியர். அரசாங்கக் கோப்பில் அத்தொழிலாளி எண்ணாகவே நுழைகிறார்: இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் மாண்டனர், இத்தனை பேர் ஊர் திரும்பினர். பெயரோடு நுழைய வேண்டுமாயின் அவர் குற்றஞ் செய்திருக்க வேண்டும், அல்லது முறையிட்டிருக்க வேண்டும், அல்லது வேலைநிறுத்தத்தில் நின்றிருக்க வேண்டும்.

காலையில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, மாலையில் மாரியம்மன் கோயில் திண்ணையில் கூத்துப் பார்த்து, பிள்ளையைத் தோட்டப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அமைதியாக வாழ்ந்து மறைந்தவருக்குக் கோப்பே இல்லை. ஆகவே கோப்பை மட்டும் படித்து எழுதும் வரலாற்றில் தோட்டத் தமிழர் நோயாளியாகவும் கள்ளுக்கடை வாசலில் நிற்பவராகவும் கலகக்காரராகவுமே தோன்றுவர். இஃது எழுதுவோரின் தீய நோக்கத்தால் விளைவதன்று. கோப்பு பிறக்கும் முறையால் விளைவது. இதனை உணராமல் எடுத்தெழுதுவோர், தெரிந்தோ தெரியாமலோ, அதிகாரியின் கண்ணையே தம் கண்ணாகக் கொள்கின்றனர்.

நான்கு கைகள்

தொழிலாளி பேசிய சொல் கோப்பில் அப்படியே கிடைக்கும் என்று நம்புதலும் பிழை. அவர் தமிழில் சொன்னார். மனு எழுதுவோரோ மொழிபெயர்ப்பாளரோ அதனை ஆங்கிலமாக்கினார். அலுவலக எழுத்தர் அதனைச் சுருக்கினார். அதிகாரி அதன்மேல் தம் கருத்தை எழுதினார். நான்கு கைகள் மாறிய பின் எஞ்சியதே இன்று படிக்கக் கிடைப்பது. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழி ஓலைச் சுவடிக்கு மட்டும் உரியதன்று. தாழ்மையுடன் விண்ணப்பிப்பதாக மனுவில் உள்ள பணிவு தொழிலாளியின் பணிவா, மனு எழுதுவோரின் வழக்கமான வாய்பாடா என்று வினவியே மேற்செல்ல வேண்டும். தொழிலாளர் இலாகாவின் பிரிட்டிஷ் அதிகாரிகளுள் சிலர் தமிழ் கற்றவர்களே. ஆயினும் கற்ற தமிழுக்கும் லயத்தில் பேசிய தமிழுக்கும் வேறுபாடு உண்டன்றோ?

இந்த இடத்தில்தான் தமிழறிந்த ஆய்வாளருக்குப் பிறருக்கு இல்லாத வலிமை ஒன்று உண்டாகிறது. துரை, கிராணி, கங்காணி என்னும் சொற்களை ஆங்கில நூலாசிரியர்கள் பல இடங்களில் மொழிபெயர்க்காமலே விட்டனர். அவற்றை அகராதியில் தேடிப் பொருள் கொள்பவருக்கு அவை பதவிப் பெயர்கள். தோட்டத்தில் பிறந்தவருக்கோ, துரை என்ற சொல் ஒலிக்கும்போது இறங்கி நிற்க வேண்டிய சைக்கிளும் தாழ வேண்டிய தலையும் சேர்ந்தே தோன்றும். அவ்வுணர்வு சான்றாகாது, ஆனால் சான்றைப் படிக்கும் விளக்காகும்.

கிள்ளான், 1941

இவற்றையெல்லாம் ஒருங்கே சோதித்துப் பார்ப்பதற்கு 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தங்கள் தக்க எடுத்துக்காட்டு. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவி பெற்று வரும் தொழிலாளர் வரவைத் தடை செய்தது. புதிய ஆட்கள் வருவது நின்றது. உலகப் போரினால் ரப்பரின் தேவையோ உயர்ந்தது. அந்நிலையில் 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர் பக்கம் நின்றது. அதில் முன்னின்றவர், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன். மே மாதத் தொடக்கத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுக்கவே, இந்நிகழ்ச்சி போரின் புகையில் மறைந்தது.

அன்றைய அதிகாரிகளும் தோட்ட முதலாளிமாரும் இதற்குக் கூறிய விளக்கம் ஒன்றே: வெளியாரின் அரசியல் தூண்டுதல். தொழிலாளருக்குக் கூலி உயர்வுக்கு அப்பால் எண்ணமில்லை. நாதன் போன்றோரே அவர்களைக் கிளப்பி விட்டனர் என்பது அவர்கள் கட்சி. இனி, பிற்காலத்து மலர்க் கட்டுரைகளைக் காண்போர், அங்கும் ஏறக்குறைய இதே கதையைக் காண்பர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அதிகாரி நாதனைக் குற்றவாளி என்றார். மலர் அவரை மாவீரர் என்கிறது. தொழிலாளரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இரண்டிலும் அவர்கள் யாரோ ஒருவரால் இயக்கப்பட்டவர்கள். தாமாக எண்ணியவர்கள் அல்லர். பழிப்பும் புகழ்ச்சியும் ஒரே பிழையின் இரு பக்கங்களாக நிற்பதை இங்கே காணலாம்.

இப்பிழையைத் திருத்துவது வேலைநிறுத்தக்காரர் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல். ஸ்டென்சன் தம் நூலில் அதனை எடுத்துக் காட்டியுள்ளார். எச். இ. வில்சன் 1981இல் கிள்ளான் வேலைநிறுத்தங்களைப் பற்றித் தனிச் சிறுநூலே வெளியிட்டார். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. அதனோடு வேறு பலவும் நின்றன: தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஒழிய வேண்டும், கொடுமை செய்யும் மேலாளரும் கிராணிமாரும் நீக்கப்பட வேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், தோட்டக் கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போக வேண்டும், துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்ல உரிமை வேண்டும்.

சைக்கிள் பற்றிய கோரிக்கையை எந்த வெளியார் கற்பித்திருக்கக் கூடும்? அதனால் கூலி ஒரு காசும் உயராது. ஒவ்வொரு நாளும் செம்மண் சாலையில் இறங்கி ஒதுங்கி நின்ற ஒருவருடைய நெஞ்சிலிருந்தே அது பிறக்க முடியும். கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களும் அத்தொழிலாளரே. குடியே அவர்தம் இயல்பு என்று எழுதி வைத்த எழுத்துகளுக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டியதில்லை. பெண்களின் மானங் காக்கும் கோரிக்கை, அக்கூட்டங்களில் பெயர் பதியாத பெண்களின் குரல். நாதன் அக்குரல்களைச் சேர்த்துக் கோத்தவர் என்பதில் ஐயமில்லை. அதற்குரிய பெருமை அவருக்கு உண்டு. ஆனால் முத்துகள் லயங்களிலிருந்து வந்தன.

இக்கோரிக்கைகள் இன்று படிக்கக் கிடைப்பது, அவற்றை அடக்கியவர்களின் எழுத்துகளும் அவற்றைக் காத்து வைத்ததால்தான். அலுவலகக் கோப்பு தொழிலாளருக்கு எதிராகவும் பேசும். எழுதியவருடைய நோக்கத்தையும் மீறி அவருக்காகவும் பேசும். அக்குரலைக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும், அதுவே குறை.

ஒப்புநோக்கும் முறை

எவ்வாறு கேட்பது? தமிழாசிரியருக்கு இம்முறை புதியதன்று. உ. வே. சாமிநாத ஐயர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையில் அகப்பட்ட ஓரேட்டை மட்டும் அச்சிட்டுவிடவில்லை. பல ஊர்களின் சுவடிகளைத் தேடி, அடுக்கி வைத்து, பாடவேறுபாடுகளைக் குறித்து, எந்தப் பாடம் எவ்வாறு திரிந்தது என்று ஆராய்ந்த பின்னரே மூலத்தைத் துணிந்தார். ஆவணங்களுக்கும் அதுவே நெறி.

கிள்ளான் நிகழ்ச்சிக்கு இத்தகைய சுவடிகள் பல உள. கோலாலம்பூரில் சிலாங்கூர் அரசின் கோப்புகள் ஒன்று. மலாய் ஐக்கிய நாடுகளிலிருந்து லண்டனுக்குச் சென்ற கடிதங்கள், அந்நாட்டுத் தேசியக் காப்பகத்தில் குடியேற்ற அலுவலகத்தின் 717ஆம் வரிசையில் உள்ளன. மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட் ஒருவர் இருந்து அனுப்பி வந்த அறிக்கைகளின் வழி புதுடில்லிக்குச் செல்லும். நான்காவது தமிழ்ப் பத்திரிகைகள். 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்று விட்டது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் வழி இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன.

பத்திரிகையை மட்டும் உண்மை என்று கொள்ளலாமா எனின், அதுவும் கூடாது. நாதன் பத்திரிகையில் பணிபுரிந்தவர். ஆதலின் பத்திரிகையும் இவ்வழக்கில் சார்புடைய சாட்சியே. போர்க்காலத் தணிக்கையும் இருந்தது. ஏஜெண்டுக்குத் தம் அரசாங்கத்தின் கவலைகள் இருந்தன. லண்டனுக்குச் சென்ற கடிதம், தன்னை எழுதியவரின் நிருவாகத்தைக் காத்துக்கொள்ளவே எழுந்தது. நான்கும் உடன்படும் இடத்தில் உறுதியாகக் கால் வைக்கலாம். முரண்படும் இடத்தில், முரண்பாட்டையே வரலாறாக எழுதலாம். அங்கேதான் யார் எதனை மறைக்க விரும்பினர் என்பது வெளிப்படும்.

இத்தகைய தேடலுக்கு முன்மாதிரி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைத் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகள் ஐரோப்பிய நூலகங்களையும் காப்பகங்களையும் துருவியவர். 1679ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தோம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை அவர் 1966இல் கோலாலம்பூரிலேயே நிழற்படிவமாக வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் கூடியதும் அதே ஆண்டில். மொழிக்கு அவர் செய்ததை இந்நாட்டுத் தமிழரின் வாழ்க்கைக்குச் செய்வார் மிகுதியாகத் தோன்றவில்லை.

தமிழாசிரியர் பணி

மலேசியத் தமிழ் மாணவர் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கற்கின்றனர். பழைய கோப்புகளுக்கு ஆங்கிலமும், விடுதலைக்குப் பிந்திய கோப்புகளுக்கு மலாயும், பத்திரிகைக்கும் கோயில் கணக்குக்கும் தமிழும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த இளைஞர் இந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உளர். அவர்களைக் காப்பகத்தின் வாயில் வரை அழைத்துச் செல்வார் குறைவு.

அதனினும் அவசரமான பணி ஒன்று உண்டு. காப்பகம், தன்னிடம் வந்ததையே காக்க முடியும். தான் செங் லோக் போன்ற தலைவர்களின் தாள்களை அது ஏற்றுப் பேணி வருகிறது. அரசாங்கத்தார் அல்லாதாரின் ஆவணங்களுக்கும் அங்கே இடம் உண்டு என்பதற்கு இது சான்று. தமிழர் கோயில்களின் கணக்கேடுகளும், தொழிற்சங்கக் கிளைகளின் கூட்டக் குறிப்புகளும், தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் எங்கே? பல, பெட்டியில் கரையானுக்கு இரையாகின்றன. 1957இல் 800க்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன. தோட்டங்கள் வீட்டு நிலங்களாயின. பள்ளிகள் இடம் பெயர்ந்தன. இடம் பெயரும்போது மேசையும் நாற்காலியும் வண்டியில் ஏறும். பழைய பதிவேடு ஏறுமா என்பது தலைமையாசிரியரின் எண்ணத்தைப் பொறுத்தது.

அச்சேர்க்கைப் பதிவேட்டின் அருமையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியன அதில் உள. அரசாங்கக் கோப்பில் எண்ணாய் நின்ற தொழிலாளி, தம் மகனைப் பள்ளியில் சேர்த்த அன்று தமிழ் எழுத்தில் பெயர் பெற்றார். குற்றமும் செய்யாமல், வேலைநிறுத்தத்திலும் நில்லாமல், தந்தை என்ற ஒரே காரணத்தால் அவர் அங்கே பதிவானார். தோட்டத் தமிழரின் அமைதியான வாழ்க்கைக்கு இதனினும் நேர்மையான ஆவணம் கிடைப்பது அரிது.

1941இல் இருபது வயதினராய் வேலைநிறுத்தத்தில் நின்றவர் இன்று நூறு வயதைக் கடந்தவர். அவர்தம் வாய்மொழியைக் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் கேட்டறிந்தவையே எஞ்சியுள்ளன. ஆகவே ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியும் தன் பழைய பதிவேடுகளைப் படியெடுத்துக் காக்கவும், ஒவ்வொரு கோயிலும் தன் கணக்கேடுகளைக் கரையானிடமிருந்து மீட்கவும், உயர் வகுப்பு மாணவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் காப்பகத்தில் அமர்ந்து ஒரு கோப்பையாவது முழுதும் படிக்கவும் வழி செய்தல் வேண்டும். அடுத்த பொன்விழா மலர், முன்னோர் காடழித்தனர் என்று தொடங்கட்டும். அதற்கு அடுத்த வரியில் அம்முன்னோரின் பெயர்களும் இருக்கட்டும்.